மீன் தொட்டி போடும் முன் மீனின் உடலை அறிவோம்



கொஞ்ச காலமாக நம் அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் மனுக்களில் ஒரு புதிய தொழிலின் பெயர் அடிக்கடி வருகிறது. மீன் வளர்ப்பு. ஷூ கம்பெனியில் வேலை குறைந்தவர்கள், டேனரியில் பல வருஷம் உழைத்து கிராஜுவிட்டி வாங்கி வந்தவர்கள், ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலமும் கிணறும் உள்ளவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வீட்டுப் பெண்கள் பெயரிலும் மனுக்கள் வருகின்றன. பெரும்பாலும் ‘பயோஃப்ளாக்’ என்னும் தார்ப்பாய்த் தொட்டி முறை. மனுவில் தொட்டியின் விலை, குஞ்சின் விலை, தீவனத்தின் விலை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். மீனைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இருக்காது.

ஆட்டுத்தோலைக் கையில் வாங்கியதும் அது எந்தப் பக்கத்து ஆடு, எந்தப் பருவத்தில் அறுத்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே உண்டு. மீன் விஷயத்தில் அந்த அனுபவம் நமக்குக் கிடையாது. பாலாற்றங்கரையில் இருந்தாலும் நம் சமையலறை ஆட்டிறைச்சியின் சமையலறைதான். எனவே மீனின் உடல் எப்படி வேலை செய்கிறது, அது எதனால் சாகிறது, நம் பகுதித் தண்ணீரில் அதற்கு என்ன நேரும் என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். சேமிப்பு முழுவதையும் தண்ணீரில் போடப் போகிறவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

மூச்சிலிருந்து தொடங்குவோம். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம். முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். இந்த வறுமையில் பிழைப்பதற்கென்றே மீனுக்குச் செவுள் அமைந்திருக்கிறது. செவுள் இதழ்களில் இரத்தம் ஒரு திசையில் ஓட, தண்ணீர் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் கடைசித் துளி வரை ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து இரத்தத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். நாம் இழுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் நம் நுரையீரல் எடுத்துக்கொள்கிறது. மீனின் செவுள் நல்ல நிலையில் எண்பது சதவீதம் வரை எடுத்துவிடும். அல்லாஹ்வின் படைப்பில் இப்படி ஒரு சிக்கனம்!

ஆனால் வெயில் காலத்தில் இந்தச் சிக்கனமும் போதாது. மீனுக்குச் சொந்த உடற்சூடு கிடையாது. தண்ணீரின் சூடே அதன் உடலின் சூடு. பத்து டிகிரி கூடினால் அதன் உடலுக்குள் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகின்றன. அதாவது ஆக்சிஜன் தேவை இரட்டிக்கிறது. அதே நேரம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். வரவு குறையும்போது செலவு ஏறும் குடும்பம் போல. வேலூர் கோடையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே வைத்த தொட்டித் தண்ணீர் சித்திரையில் எப்படி இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தாலே தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. நான்கு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 12,500 லிட்டர். காற்றுப் பம்பு நன்றாக ஓடி லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது என்று வைப்போம். மொத்தம் 75 கிராம். அதில் 300 கிலோ மீன் இருக்கிறது; அந்த விளம்பரங்கள் சொல்வது இதைவிட அதிகம். தீவனம் தின்ற ஒரு கிலோ மீனுக்கு மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். 300 கிலோவுக்கு மணிக்கு 90 கிராம். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்களும் பங்குக்கு வரும். ஆக, மின்சாரம் போய் பம்பு நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டி காலி. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சகோதரர் ஆறு மாதம் வளர்த்த மீன் முழுவதும் ஒரே இரவில், இரண்டு மணி நேர மின்தடையில் போனது. அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, மின்விசிறிக்கு. தொட்டிக்கு இல்லை.

மண்குளத்தில், பண்ணைக் குட்டையில் இவ்வளவு நெருக்கமாக மீன் விடமாட்டார்கள். அங்கே ஆபத்து வேறு வேளையில் வருகிறது. குளத்தின் பச்சை நிறத்துக்குக் காரணமான நுண்பாசிகள் பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. சூரியன் மறைந்தபின் அவையும் மீனைப் போலவே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. இரவு முழுவதும் செலவு மட்டுமே. ஃபஜ்ர் பாங்கு ஒலிக்கும் நேரத்தில்தான் குளத்து ஆக்சிஜன் ஆகக் கீழே இறங்கியிருக்கும். அந்த வேளையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால் அது விளையாட்டல்ல, மூச்சுத் திணறல். மூன்று நாள் வானம் மூடி மழை தூறிக்கொண்டிருந்தால் பகல் வரவும் நின்றுபோகும். அப்போது மிகவும் கவனம் வேண்டும். அந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாகக் குறைப்பதோ அடியோடு நிறுத்துவதோ நல்லது. தொழுதுவிட்டு வரும் வழியில் குளத்தை ஒருமுறை பார்த்துவரும் பழக்கத்துக்குச் செலவு ஏதுமில்லை.

விராலும் கெளுத்தியும் விதிவிலக்கு. செவுளுக்கு மேலே இவற்றுக்குக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. சந்தையில் ஒரு சாண் தண்ணீரில் விரால் உயிரோடு கிடப்பது இதனால்தான். ‘சாகாத மீன்’ என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை விற்க வருபவர்களிடம் ஏமாற வேண்டாம். அந்த மீனை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடை உள்ளது.

மூச்சு முட்டி மிதக்கும் மீனை விற்கலாமா, உண்ணலாமா என்ற கேள்வியும் வருகிறது. தானாக இறந்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்பதில்லை. ஷாஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. ஒரு காரணத்தால் இறந்ததற்கும் காரணம் தெரியாமல் இறந்ததற்கும் இடையே ஃபிக்ஹில் விவரங்கள் இருப்பதால் உங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடல்நலத்தின் கணக்கு அதைவிடச் சுருக்கமானது. வெதுவெதுப்பான தண்ணீரில் செத்துக் கிடக்கும் மீன் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். அதைப் பிறர் வீட்டுச் சட்டிக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது கழிவு. நம் உடலில் புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன், யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகிறது. அப்படி மாற்றுவதற்கு உடல் சக்தி செலவழிக்க வேண்டும். மீனுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. அம்மோனியாவாகவே செவுள் வழியே வெளியே விட்டுவிடும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அது கரைந்து போகும். உடலைச் சூடாக வைக்கும் செலவும் இல்லை, எடையைத் தாங்கி நிற்கும் செலவும் இல்லை. ஒன்றரைக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ மீன் தேறுவது இதனால்தான். ஆடு மாட்டில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் ஆற்றில் போய்விடும் அம்மோனியா, தொட்டியில் எங்கே போகும்? முப்பது சதவீதம் புரதமுள்ள ஒரு கிலோ தீவனம் போட்டால் சுமார் 30 கிராம் அம்மோனியா தண்ணீருக்கு வருகிறது. அதன் நச்சுத்தன்மை தண்ணீரின் காரத்தைப் பொறுத்தது. சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை பார்த்தவர்களுக்குக் காரம் ஏற ஏற மூக்கைத் துளைக்கும் அந்த நெடி தெரியும், அதே விஷயம்தான். பி.எச். 7 இருந்தால் 25 டிகிரியில் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நச்சாகிவிடும். பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். தானாகவே ஏறும். ‘காலையில் நன்றாக நீந்திய மீன் மூன்று மணிக்குச் சுருண்டது’ என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயோஃப்ளாக் முறையின் சாரமே இந்த அம்மோனியாவை அடக்குவதுதான். வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்தைத் தண்ணீரில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும்போது அம்மோனியாவையும் எடுத்துக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிர்த் திரளை மீன் தின்னும். கேட்க அழகான ஏற்பாடு, உண்மையிலும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்கும் இரவும் பகலும் காற்று வேண்டும். தொட்டி விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

அம்மோனியாவை வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இரண்டாவது வகை நுண்ணுயிர் மெதுவாகத்தான் வளரும். இடைப்பட்ட வாரங்களில் நைட்ரைட் குவியும். அது செவுள் வழியே உள்ளே போய் இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். கெட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. இரத்தம் சிவப்பு மாறி காப்பித்தூள் நிறமாகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் திணறினால் ஒன்றைப் பிடித்துச் செவுளைத் திறந்து பாருங்கள். பழுப்பாக இருந்தால் காரணம் இதுதான். மருந்து நம் வீட்டு உப்பு ஜாடியில் இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலில் நுழையப் போட்டியிடுபவை. 1,000 லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்தால் குளோரைடு முந்திக்கொள்ளும். அதோடு தீவனத்தை நிறுத்தித் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

உப்பு என்றதும் நம் ஊர்க் கதைக்கு வந்துவிட்டோம். பச்சைத் தோலில் உப்பைத் தூவி அடுக்கினால் என்ன நடக்கும்? தோலிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். மீனின் உடலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஒன்பது கிராம் அளவுக்கு உப்பு இருக்கும், வெளித் தண்ணீரில் ஒரு கிராமுக்கும் குறைவு. எனவே தண்ணீர் ஓயாமல் அதன் உடலுக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம். வந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே, போகும் உப்பைச் செவுளிலுள்ள தனி அணுக்களால் திரும்பப் பிடித்துக்கொண்டே இருக்கும். வெளியே உப்பு கூடினால் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. லிட்டருக்கு நாலைந்து கிராமைத் தாண்டினால் கட்லாவும் ரோகுவும் திணற ஆரம்பிக்கும். ஜிலேபி மீன் அதைவிட நன்றாகத் தாங்கும்.

நம் பகுதிக் கிணறுகளில் உப்பு ஏறிய வரலாறு எல்லோரும் அறிந்தது. ஊற வைக்கும் தொட்டியிலிருந்து வெளியேறிய உப்புநீர் எத்தனையோ வருஷம் மண்ணுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில், தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் வலுப்பெற்றதும் அந்தத் தீர்ப்பால்தான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பிரச்சினைக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்தத் தொழில் நம் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்லூரிகளையும் கட்டியது. அதே தொழில் நம் தண்ணீருக்குச் செய்ததையும் மறைக்காமல் பேசுவதே நாணயம்.

உப்பு நாக்குக்குத் தெரியும், குரோமியம் தெரியாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் வகை. அதன் நச்சு ஒப்பளவில் குறைவு. ஆறு இணைதிறன் வகை மிகவும் கொடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் பற்றிய அச்சமெல்லாம் இந்த வகையைக் குறித்தது. உயிரணுவுக்குத் தேவையான சல்ஃபேட் நுழையும் வழியிலேயே இது உள்ளே புகுந்துவிடும், தோற்றம் அப்படி. செவுள் இதழ்கள் வீங்கிக் கோழை மூடும், மூச்சு குறையும். மீனின் செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் கன உலோகங்கள் அதிகமாகவும் சதையில் குறைவாகவும் சேர்கின்றன. ‘சதையைத்தானே தின்கிறோம்’ என்று இதை வைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கழிவுநீர் வரும் ஏரி மீனை, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், கொடுக்காமல் இருப்பதே சரி.

இதையொட்டி இன்னொரு எச்சரிக்கை. தோல் சவரும் துண்டுத் துணுக்கும் ‘புரதம்தானே, மீனுக்குப் போடலாமே’ என்று ஒரு மனுவில் எழுதியிருந்தார்கள். அந்த மனுவை நாங்கள் ஏற்கவில்லை. வங்கதேசத்தில் டாக்கா ஹசாரிபாக் டேனரிகளின் குரோம் கழிவிலிருந்து கோழிக்கும் மீனுக்கும் தீவனம் செய்து விற்றார்கள். அதை நிறுத்தும்படி 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. குரோம் ஏறிய தோல் கொதிநீரிலும் சுருங்காது என்பதை நம்மவர்கள் தினமும் சோதித்துப் பார்க்கிறார்கள். அதை மீனின் குடல் என்ன செய்யும்?

குடல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் இரைப்பையே கிடையாது. தொண்டையிலிருந்து நேரே குடல். ஒரே வேளையில் கொட்டினால் வைத்துச் செரிக்க இடமில்லை, தின்றது வீணாய்ப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். ஜிலேபி மீனுக்கு இரைப்பை உண்டு. அதில் சுரக்கும் அமிலம் மிகவும் கடுமையானதால் நீலப்பச்சைப் பாசியைக்கூடச் செரித்துவிடும். மூன்று கெண்டைகளையும் ஒரே குளத்தில் விடுவதற்கும் வாயமைப்பே காரணம். மேல்நோக்கிய வாயுள்ள கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், கீழ்நோக்கிய வாயுள்ள மிர்கால் அடியிலும் மேயும்.

குஞ்சுகளைப் பற்றியும் ஒரு கேள்வி வருகிறது: ஹார்மோன் கொடுத்த மீனாமே, தின்னலாமா? இரண்டு வேறு விஷயங்களை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். கெண்டைகள் குளத்துத் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்கால ஆற்றுவெள்ளம் வேண்டும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுத் தாய் மீனை முட்டையிடச் செய்யும் முறையை ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் வெற்றியாக்கினார்கள். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். ஊசி தாய்க்கு, நாம் தின்பது அதன் குஞ்சு வளர்ந்த மீன். ஜிலேபியில் பிரச்சினை நேர்மாறானது. அது சிறு வயதிலேயே குஞ்சு பொரித்துக் குளத்தை நிறைத்துவிடும், எதுவும் பெருக்காது. அதனால் பிறந்த மூன்று நான்கு வாரம் மட்டும் தீவனத்தில் ஆண் ஹார்மோன் கலந்து எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். அதற்குப் பின் பல மாதம் வளர்ந்தே சந்தைக்கு வருவதால், அந்த மருந்து உடலிலிருந்து எப்போதோ வெளியேறியிருக்கும்.

வளர்ப்பு மீனில் மண்வாடை அடிக்கிறதே என்று நம் பெண்கள் சொல்வதும் நியாயமானது. சிலவகைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் அந்த வாடை வருகிறது. பிடிப்பதற்குச் சில நாள் முன்பு தீவனம் நிறுத்திச் சுத்தமான ஓடும் நீரில் விட்டால் குறைந்துவிடும். புளியும் எலுமிச்சையும் அந்தப் பொருளைச் சிதைக்கும். மீன் குழம்பில் புளி ஊற்றிய முன்னோர் ரசாயனம் படித்தவர்கள் அல்லர், நாக்கு தெரிந்தவர்கள்.

இனி, மனு செய்வோருக்கு. அறக்கட்டளையில் மீன் வளர்ப்புக்குக் கடன் கேட்பவர்கள், முதலில் கிணற்றுநீரை அல்லது போர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்து அந்தச் சீட்டை மனுவோடு இணைக்க வேண்டும். டேனரிக்கோ பழைய கழிவுநீர்க் கால்வாய்க்கோ அருகில் நிலம் உள்ளவர்கள் குரோமியத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும். தொட்டி முறை என்றால் பம்புக்கான ஜெனரேட்டரோ பேட்டரியோ திட்டச் செலவில் இருக்க வேண்டும். இல்லாத மனுக்களைத் திருப்பி அனுப்புவோம். முதல் முறை செய்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு, மண்குளத்தில் கெண்டை மூன்றையும் அளவாக விட்டு ஒரு வருஷம் பழகுவது. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உள்ளதால், எங்களிடம் வருவதற்கு முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள். மீதித் தொகைக்கு நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். மனுப் படிவம் அலுவலகத்தில் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு கிடைக்கும்.